கடலோரக் காவல் படையை மாற்றி அமைக்கிறார்களாமே, நம் ஊர்ப் பிள்ளைகள் சேரலாமா?

#1 மத்தூர் மாமரம்

அக்கா மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ கடைசி வருடம். கடலோரக் காவல் படையில் யாந்திரிக், அதாவது தொழில்நுட்பப் பிரிவு வேலைக்குத்தான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் யாருக்கும் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் கடலைப் பார்த்ததே திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோதுதான்.

போன ஞாயிறு போச்சம்பள்ளி சந்தையில் பேச்சு வந்தது. அங்கேயும் அக்னிவீர் மாதிரி நாலு வருடம்தான், அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். கடற்படையோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இல்லை, உள்துறைக்குப் போகிறது என்று அடித்துச் சொன்னார். மூன்று பேரும் மாடு பிடிக்க வந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் எது உண்மை? வெளிநாட்டில் எல்லாம் இந்தப் படையை மாற்றி அமைத்தார்கள் என்று படித்தேன். அங்கே வேலை பார்த்தவர்கள் கதி என்ன ஆயிற்று? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ராகிக்களி

கடலே இல்லாத மாவட்டத்தில் இப்படி ஒரு இழையா? முதலில் காவேரிப்பட்டணத்தில் துறைமுகம் கட்டச் சொல்லுங்கள். பேரில் பட்டணம் இருக்கிறது, பக்கத்தில் தென்பெண்ணை ஓடுகிறது, கடல் ஒன்றுதான் பாக்கி.

#3 மத்தூர் மாமரம்

சிரிப்பு வருகிறதா? 2024 டிசம்பர் 1 அன்று ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் மிதந்து போனதை ஊரே கைப்பேசியில் பார்த்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியதற்கு இங்கே வண்டி போனது. கடல் நம்மிடம் வராது என்று அன்றைக்கு முந்தின நாள் வரை நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் அக்கா மகன் இந்த முடிவுக்கு வந்ததும் அதற்கு அப்புறம்தான்.

#4 பழைய நாவிக்

வணக்கம். பர்கூர் பக்கம். நாவிக்காக, அதாவது மாலுமியாகச் சேர்ந்து, உத்தம் நாவிக், பிரதான் நாவிக் என்று படிப்படியாக ஏறி, அதிகாரி பதவியில் இருக்கும்போது விருப்ப ஓய்வில் வந்தவன். (அதிகாரி என்பது அங்கே ஒரு படிநிலையின் பெயர். கலெக்டர் ரேஞ்சுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

அக்னிபத் 2022 ஜூனில் வந்தது. அது தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும்தான். கடலோரக் காவல் படை அதில் இல்லை. நாவிக், யாந்திரிக் எல்லாம் பழையபடி நிரந்தர வேலைதான். ஆனால் நாலு வருடம் முடித்து வெளியே வரும் அக்னிவீர்களுக்கு எங்கள் படையில் 10 சதவீத இடஒதுக்கீடு என்று அப்போதே அறிவித்தார்கள். ஆக, இருக்கிற இடத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. சந்தையில் கேட்டதில் இந்த அளவுக்கு மட்டும் உண்மை.

கடற்படையோடு சேர்ப்பது பற்றி. அதிலிருந்து பிரித்ததுதானே இந்தப் படை! எழுபதுகளில் அரபிக் கடல் வழியாகத் தங்கக் கடத்தல் கொழித்தது. போருக்குக் கட்டிய கப்பலை வைத்துக்கொண்டு கடத்தல் தோணியை விரட்டுவது வெட்டி வேலை என்று கடற்படைக்கே தோன்றியது. ருஸ்தம்ஜி தலைமையில் 1974-ல் குழு போட்டார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவர் அவர். தனிப் படை வேண்டும், அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கட்டும் என்றார். 1977 பிப்ரவரி 1-ல் கடற்படை கொடுத்த ஏழு கப்பல்களோடு தொடங்கியது. இரண்டு பெரியவை, ஐந்து ரோந்துப் படகுகள். அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் பாம்பன், இன்னொன்று பழவேற்காடு, அதாவது புலிக்காட். 1978-ல் சட்டம் வந்தது.

தனிப் படைதான். ஆனால் இன்றைக்கும் பையன்களுக்கு முதல் பயிற்சி ஒடிசாவில் கடற்படையின் சில்கா தளத்தில்தான். தனிக்குடித்தனம் போன பிறகும் அம்மா வீட்டில் சாப்பிடுகிற கதை.

மாற்றி அமைப்பது என்பது புதிதாக வரப்போகிற பூதம் ஒன்றும் இல்லை. நான் சேர்ந்தபோது மும்பை, சென்னை, போர்ட் பிளேர் என மூன்று மண்டலம். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு காந்திநகரில் ஒன்று, கொல்கத்தாவில் ஒன்று என்று ஐந்தாயிற்று. 2009-ல் கரையோரப் பாதுகாப்பு முழுவதற்கும் ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் எங்கள் தலையில் வைத்தார்கள்.

பையனுக்கு நீச்சல் தெரியுமா?

#5 மத்தூர் மாமரம்

ரொம்ப நன்றிங்க ஐயா. பாதி பயம் போய்விட்டது. கிணற்று நீச்சல் தெரியும். தோட்டத்துக் கிணற்றில் முதுகில் கேன் கட்டிக் கற்றுக்கொண்டது.

#6 தளி டு ஃபேர்ஹாம்

வெளிநாட்டுக் கதை கேட்டீர்களே, நான் தளிக்காரன், பத்து வருடமாக இங்கிலாந்தின் தென்கரையில் குப்பை கொட்டுகிறேன். என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் அவர்களுடைய தேசியக் கடலோரக் காவல் மையம் வந்துவிடும்.

இங்கே அது படை இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி கிடையாது, போக்குவரத்துத் துறையின் கீழ் வரும் சிவில் வேலை. கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் அழைப்பை எடுப்பதும், யாரை அனுப்புவது என்று முடிவு பண்ணுவதும் அவர்கள். மீட்புப் படகை ஓட்டுவது ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம், 1824-லிருந்து நன்கொடையில் ஓடுகிறது. கரையில் இறங்கிக் கயிறு பிடிப்பவர்கள் சுமார் 3,500 தன்னார்வலர்கள். தபால்காரர், கடைக்காரர், வாத்தியார் என்று எல்லாரும் இருப்பார்கள்.

நாடு முழுக்க அழைப்பை எடுக்க 18 மையங்கள் இருந்தன. 2010 டிசம்பரில் அரசு ஒரு திட்டம் வைத்தது. 24 மணி நேர மையம் மூன்றே மூன்று. கூடுதலாக ஐந்து துணை மையங்கள், அவையும் பகலில் மட்டும் திறந்திருக்கும். மீதியை மூடிவிடலாம்.

பகலில் மட்டும்! ஏதோ ரேஷன் கடை மாதிரி.

ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. மீனவர், மாலுமி, சங்கம், கட்சி பேதமில்லாமல் எம்.பி.க்கள். 2011 ஜூனில் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவே இது சரிப்படாது என்று அறிக்கை கொடுத்தது. ஜூலையில் அரசு இறங்கி வந்தது. பகல்நேர மையம் என்ற யோசனையைக் கைவிட்டார்கள். கடைசியில் ஃபேர்ஹாமில் ஒரு தேசிய மையம், டோவரையும் சேர்த்து ஒன்பது கரையோர மையங்கள், எல்லாம் 24 மணி நேரமும். ஒன்பதை மூடினார்கள். கிளைட், ஃபோர்த், யார்மவுத், லிவர்பூல், ஸ்வான்சீ எல்லாம் அதில் போனவை.

இதில் ஒரு கூத்து. ஃபேர்ஹாம் கட்டடம் கடலோரக் காவலுக்காகக் கட்டியதே இல்லை. அதற்கு முன்னால் தீயணைப்புத் துறையின் 46 கட்டுப்பாட்டு அறைகளை ஒன்பதாகச் சுருக்குகிறேன் என்று இன்னொரு திட்டம் போட்டார்கள். கணினி கடைசிவரை வேலை செய்யவில்லை. அதே 2010 டிசம்பரில் ரத்து. குறைந்தது 469 மில்லியன் பவுண்டு தண்டம் என்று தணிக்கைத் துறை எழுதியது. அந்தத் திட்டத்துக்காகக் கட்டி ஆளில்லாமல் கிடந்த கட்டடம்தான் இது. ஒரு ஒருங்கிணைப்பு செத்த வீட்டில் இன்னொரு ஒருங்கிணைப்பு குடிவந்தது.

#7 ராகிக்களி

இங்கே சமத்துவபுரத்து வீட்டில் ஆடு கட்டியிருப்பார்களே, அது மாதிரியா அண்ணா?

#8 தளி டு ஃபேர்ஹாம்

அதே.

#9 தொப்பூர் இறக்கம்

மையத்தை ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ராத்திரி பதினொன்றரைக்குக் கணவாய் இறக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. பிரேக் காய்ந்து புகை வருகிறது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எந்த ஊரில் உட்கார்ந்து பேசினாரோ, நல்ல மரியாதையான பிள்ளைதான். "சார், நீங்க எந்தத் தெருவில இருக்கீங்க?" என்றார். தெருவா! இரட்டைப் பாலத்துக்கு முந்தின வளைவு என்றேன். "எந்தப் பாலம் சார், பக்கத்தில ஏதாவது கடை இருக்கா, பின்கோடு சொல்லுங்க" என்றார். பதினெட்டு நிமிடம் பேசினோம்.

அதை வைத்துவிட்டுச் சுங்கச்சாவடிப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் தம்பியை அழைத்தேன். "இரட்டைப் பாலத்துக்கு..." என்று ஆரம்பித்ததுமே, "மேல் வளைவா கீழ் வளைவாண்ணா? வண்டியை விட்டு இறங்கி மலைப் பக்கம் நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க" என்றான். கடைசியில் சொன்னான் பாருங்கள், அதுதான் என்னைக் காப்பாற்றியது. அந்த வளைவில் லாரி எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும்.

#10 கணக்குப்பிள்ளை

தொப்பூர் அண்ணா சொன்னது நல்ல கதை. ஆனால் கதையை வைத்துத் துறை நடத்த முடியாது. எதிர்ப்பக்கத்தையும் யாராவது பேச வேண்டும், நானே பேசுகிறேன்.

18 அறை என்றால் 18 இடத்தில் ராத்திரி ஷிப்டு. குளிர்கால ராத்திரியில் ஒரு அறையில் நாலு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். அதே நேரம் இன்னொரு கரையில் புயல், அங்கே இரண்டு பேர் இருபது அழைப்பை எடுத்துக்கொண்டு திணறுவார்கள். சும்மா இருப்பவன் திணறுகிறவனுக்குக் கைகொடுக்க வழியே இல்லை என்றால் அது என்ன அமைப்பு? பஞ்சர் கடைத் தம்பிக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தால் தொப்பூர் அண்ணா கதி என்ன? இப்போதெல்லாம் கப்பல் எங்கே நிற்கிறது என்று திரையில் புள்ளியாகத் தெரிகிறது. ஆபத்துக் கருவியை அமுக்கினால் இடம் தானாக வந்துவிடுகிறது. வளைவு, பாலம் எல்லாம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

#11 தளி டு ஃபேர்ஹாம்

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி நியாயம். இங்கே இருந்த பழைய ஏற்பாட்டில் இரண்டிரண்டு மையங்களை மட்டும் ஜோடி போட்டு இணைத்திருந்தார்கள். ஜோடி இரண்டும் சேர்ந்து மூழ்கினால் மூன்றாவது மையம் வேடிக்கைதான் பார்க்க முடியும். இப்போது எல்லாம் ஒரே வலைப்பின்னல். எங்கே நெரிசலோ அங்கே ஃபேர்ஹாமிலிருந்து கைகொடுக்கலாம். அது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. சம்பளமும் ரொம்பக் குறைவாக இருந்தது, அதைக் கூட்டுகிறோம் என்றுதான் திட்டத்தையே விற்றார்கள்.

ஆனால் திரையில் புள்ளியாகத் தெரிவது கருவி வைத்திருக்கும் கப்பல். பாறையில் வழுக்கி விழுந்த சுற்றுலாக்காரன் திரையில் தெரிய மாட்டான். அவன் கைப்பேசியில் ஊர்ப் பெயரைத்தான் சொல்வான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் டார்பெர்ட் என்று ஒரே பெயரில் பல ஊர். எந்த டார்பெர்ட் என்று குரலைக் கேட்டே சொல்லிவிடுகிறவர்கள் பழைய அறைகளில் இருந்தார்கள்.

நீங்கள் கேட்ட ஆட்கள் கதிக்கு வருகிறேன். மூடப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, மூட மூன்று நாலு வருடம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் என்ன நடக்கும்? அனுபவசாலிதான் முதலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போவான். வீட்டுக் கடன், பிள்ளை பள்ளிக்கூடம் எல்லாம் லிவர்பூலில் இருக்க, ஃபேர்ஹாமுக்கு வா என்றால் யார் வருவார்? 2012 கடைசியில் அதே நாடாளுமன்றக் குழு மறுபடி உட்கார்ந்து, அனுபவம் கரைகிறது, ஆள் மனசு உடைந்து கிடக்கிறது என்று கவலைப்பட்டது. மையத்தை இடம் மாற்றலாம், அதற்குள் இருந்த முப்பது வருடத்தை லாரியில் ஏற்ற முடியாது.

#12 பென்னாகரம் பரிசல்

இந்தப் பேச்சைப் படித்துவிட்டு எங்கள் பெரியப்பாவிடம் கேட்டேன். ஒகேனக்கலில் நாற்பது வருடமாகப் பரிசல் போடுகிறார். மூங்கில் வளைத்து, பிளாஸ்டிக் ஷீட்டு போர்த்தி, தார் பூசுவது எல்லாம் அவர் கைதான்.

பிலிகுண்டுலுவில் மத்திய அரசு நீர் அளவு எடுக்கிறது. இத்தனை ஆயிரம் கனஅடி என்று எண் வரும். அதைப் பார்த்துத்தான் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள், நீக்குவார்கள். பெரியப்பா அந்த எண்ணைக் குறை சொல்லவில்லை. "எண் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா எட்டாயிரத்தில ஓடுற தண்ணி எல்லாம் ஒண்ணு இல்லை. ஏறிக்கிட்டு வர்ற எட்டாயிரம் வேற, இறங்கிக்கிட்டு இருக்கிற எட்டாயிரம் வேற" என்றார். ஏறும்போது செத்தையும் நுரையும் நடு ஓட்டத்தில் வருமாம், இறங்கும்போது ஓரத்தில் ஒதுங்குமாம். பாறை மேல் ஈரக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துடுப்பை எடுப்பார்.

கணக்குப்பிள்ளை அண்ணா, திரையில் அந்த ஈரக் கோடு தெரியுமா?

#13 கணக்குப்பிள்ளை

தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் பெரியப்பாவுக்குப் பிறகு யார்? அவர் மூளையில் இருப்பதை எழுதி வைத்திருக்கிறீர்களா? எழுதாத அனுபவம் ஒரு ஆளோடு போய்விடும். என் சண்டை அனுபவத்தோடு இல்லை, அதை ஒரே ஆளிடம் விட்டுவைப்பதோடுதான்.

#14 பென்னாகரம் பரிசல்

அவர் பையன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

#15 பழைய நாவிக்

இப்போதுதான் நான் பேச நினைத்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

நம் நாட்டில் மையத்தை மூடுகிற பிரச்சினை இல்லை. கப்பலும் நிலையமும் கூடிக்கொண்டுதான் போகின்றன. ஏழில் ஆரம்பித்தது இன்று 150-ஐத் தாண்டிவிட்டது. நம் நோய் வேறு. அது இடமாற்றம்.

நான் மண்டபத்தில் இருந்தபோது வயர்லெஸ் அறையில் அரியானாவிலிருந்து வந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன், இந்தியும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுவான். ஒரு நாள் சாயங்காலம் 16-ஆம் சேனலில் ஒரு குரல். "சோழகம் ஏறிப்போச்சு, நீவாடு இழுக்குது, அஞ்சு பாகத்தில நிக்கிறோம், மிஷினு நின்னுபோச்சு." அவன் என்னைப் பார்க்கிறான். எனக்கும் அதில் பாதி புரியவில்லை! நானும் தமிழன்தான், ஆனால் பர்கூர்த் தமிழன். சோழகம் என்றால் தெற்குக் காற்று, நீவாடு என்றால் கடல் நீரோட்டம், பாகம் என்றால் ஆழம் அளக்கிற கணக்கு, ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டிய அளவு என்று கேண்டீனுக்கு மீன் கொண்டுவருகிற பெரியவர்தான் எனக்கு அப்புறம் சொல்லிக்கொடுத்தார். வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. அன்றைக்கு அந்தப் படகைப் பிடித்துவிட்டோம். இன்னொரு படகுக்காரர் குறுக்கே வந்து இடத்தைச் சொன்னதால்.

அந்த அரியானாப் பையன் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். "க்யா சோழகம், அண்ணே?" என்று மீனவர்களிடமே வம்பு பேசுகிற அளவுக்கு வந்துவிட்டான். வந்தது உத்தரவு. குஜராத்துக்கு மாற்றல். அவன் இடத்தில் புதிதாக ஒருவன், மறுபடி முதலிலிருந்து.

ஒக்கிப் புயலில் இதே விஷயம்தான் பெரிதாக வெடித்தது. 2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் கரையிலிருந்து வெகுதூரம் போய் நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கிறவர்கள். கேரளத்தையும் சேர்த்தால் இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தோ காணாமலோ போனார்கள். காற்றும் நீரோட்டமும் படகை எங்கே தள்ளியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், எங்களைக் கப்பலில் ஏற்றுங்கள், இடம் காட்டுகிறோம் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அப்புறம்தான் சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை முதல் நாளே செய்வதற்கு உத்தரவும் ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும். மாற்றி அமைப்பதாக இருந்தால் நான் முதலில் கைவைக்கச் சொல்வது அங்கேதான். மண்டலம் ஐந்தா ஆறா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

வயர்லெஸ் அறையில் உட்காருகிறவனை மட்டுமாவது ஒரே கரையில் எட்டு வருடம் வையுங்கள். கப்பலில் போகிறவன் சுற்றட்டும்.

#16 கணக்குப்பிள்ளை

ஒரே இடத்தில் எட்டு வருடம் வைத்தால் கடத்தல்காரனோடு சிநேகம் வைத்துக்கொள்வான். அதற்காகத்தானே மாற்றலே.

#17 பழைய நாவிக்

உண்மைதான். மறுக்க முடியாது. இரண்டையும் அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன், அதற்கு எனக்கும் முழு விடை தெரியாது. பாதி வழி ஒன்று உண்டு. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் எடுக்கிறது. அவர்கள் அதே ஊர், அதே பேச்சு. அந்த மாதிரி ஒருவரை எங்கள் அறையிலும் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். ரோந்து ரகசியம் அவருக்குத் தெரிய வேண்டாம், குரல் புரிந்தால் போதும்.

#18 தர்மபுரி செவ்வந்தி

ஆண்கள் எல்லாரும் காற்றுக்குப் பெயர் வைத்து முடித்தாயிற்றா? வேலையில் இருப்பவர்களை மாற்றி அமைப்பது பற்றித்தான் இழை என்றால் இதையும் பேசுங்கள்.

பிரியங்கா தியாகி வழக்கு ஞாபகம் இருக்கிறதா? குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரி, விமானி. நிரந்தரப் பணி கேட்டார். தரைப்படையிலும் கடற்படையிலும் பெண்களுக்குக் கொடுத்தாயிற்று, உங்களுக்கு மட்டும் என்ன என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கேட்டது. நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் சொன்னார். ஏப்ரலில் அவரை மறுபடி பணியில் சேர்க்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் வந்தது.

கப்பலில் பெண்களுக்குத் தனி அறை இல்லை என்கிற மாதிரி காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. புதிதாகக் கட்டுகிற கப்பலில் ஒரு தடுப்புச் சுவர் வைப்பதற்கு எத்தனை குழு போட வேண்டும்? என் மகள் பிளஸ் ஒன், கணக்கு, இயற்பியல் எடுத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

#19 பழைய நாவிக்

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் இருந்த கப்பலில் சாமான் அறைக்கு இருந்த இடத்தில் நாலு பேர் படுக்கலாம். மகளை டிகிரி முடித்துவிட்டு உதவி கமாண்டன்ட் தேர்வு எழுதச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் 56,100-ல் ஆரம்பிக்கும்.

#20 அரூர் அரசு

உள்துறையா பாதுகாப்பா என்ற கேள்வியை யாரும் தொடவே இல்லையே. எந்த அமைச்சகத்தின் கீழ் என்பது கௌரவப் பிரச்சினை இல்லை, சம்பளப் பிரச்சினை. அமெரிக்காவைப் பாருங்கள்.

அங்கே இந்தப் படைக்கு 1790-லிருந்து கணக்கு. முதலில் சுங்க வரி வசூலுக்காக நிதித்துறையின் கீழ். 1915-ல் உயிர்காப்புத் துறையோடு சேர்த்தார்கள், 1939-ல் கலங்கரை விளக்கத் துறையையும் சேர்த்தார்கள். 1967-ல் போக்குவரத்துத் துறை, 2003-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. வாடகை வீடு மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. 2018 டிசம்பரிலிருந்து 35 நாள் அரசு முடங்கியபோது ராணுவத்துக்கு எல்லாம் சம்பளம் வந்தது, ஏனென்றால் பாதுகாப்புத் துறைக்குப் பணம் முன்பே ஒதுக்கியாயிற்று. கடலோரக் காவல் படைக்கு மட்டும் வரவில்லை. சீருடை ஒரே மாதிரி, அமைச்சகம் வேறு. படையினர் குடும்பங்கள் இலவச உணவு வரிசையில் நின்றன.

2023-ல் பத்தில் ஒரு பங்கு ஆள் பற்றாக்குறை என்று கப்பல்களை நிறுத்தி வைத்தார்கள், சில படகு நிலையங்களையும் மூடினார்கள். 2025-ல் ஒரு பெரிய மாற்றத் திட்டம் அறிவித்தார்கள். 2028-க்குள் குறைந்தது 15,000 பேரைக் கூட்டுவது, தளபதிகள் எண்ணிக்கையைக் கால்வாசி குறைப்பது. அதற்குச் சில மாதம் முன்புதான் அதன் முதல் பெண் தலைவர் லிண்டா ஃபேகனைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். எண்ணுக்குத் தேவையான ஆள் எங்கிருந்து வருவான் என்பது தனிக் கேள்வி.

#21 ராகிக்களி

போச்சம்பள்ளி சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்று நிபுணர்கள் தயாராக இருக்கிறார்கள்.

#22 மத்தூர் மாமரம்

:) அரசு அண்ணா, நம் ஊரில் சம்பளம், ஓய்வூதியம் எப்படி? அதைக் கேட்டுத்தான் அக்கா முடிவு சொல்லும்.

#23 பழைய நாவிக்

யாந்திரிக்குக்கு அடிப்படை 29,200, கூட யாந்திரிக் படி 6,200, பஞ்சப்படி தனி. நாவிக்குக்கு 21,700. ஆரம்பத்துக்குக் குறையில்லை.

ஓய்வூதியத்தில்தான் வலி. 2004-க்கு முன்னால் சேர்ந்த எனக்குப் பழைய ஓய்வூதியம். அதற்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம். முப்படைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறோம், ஆயுதப் படை என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஓய்வூதியம் என்று வந்தால் குமாஸ்தா வரிசையில் நில் என்கிறார்கள். ஓய்வு வயதிலும் ஒரு பேதம். கமாண்டன்ட் வரைக்கும் 57, அதற்கு மேலே 60 என்று விதி. அந்தப் பாகுபாடு செல்லாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மாற்றி அமைக்க இவ்வளவு இருக்கிறது, எல்லாரும் பலகையில் மண்டலப் பெயரைத்தான் மாற்றுகிறார்கள்.

அக்காவிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்து சேரட்டும்.

#24 மத்தூர் மாமரம்

சொன்னேன். "கடல்ல விழுந்தா யார் தூக்குவா" என்பது மட்டும்தான் அக்காவின் கேள்வி. ஓய்வூதியத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பையன் தினமும் விடியற்காலை ஓடுகிறான். 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம், இவன் ஏழே கால் வரைக்கும் வந்திருக்கிறான். தண்டால் பத்து, உட்கார்ந்து எழுவது இருபது, அதில் பிரச்சினை இல்லை. நீச்சல்தான் யோசனை. கேனைக் கழற்றிவிட்டு நாலு வருடம் ஆகிறது, ஆனால் கிணற்றைத் தாண்டி எங்கேயும் நீந்தியதில்லை. இந்தக் கோடையில் எங்கள் கிணறும் படிக்குக் கீழே போய்விட்டது.

#25 பென்னாகரம் பரிசல்

ஆற்றில் மட்டும் இறக்காதீர்கள் அண்ணா. ஒகேனக்கலில் நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான் ஆற்றோடு போவான் என்று பெரியப்பா சொல்வார்.

#26 பழைய நாவிக்

பெரியப்பா சொல்வது சரி. எங்கள் கிணற்றில் இன்னும் நாலு ஆள் ஆழம் நிற்கிறது, படியும் நல்ல படி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள். முதலில் கை கால் அசைக்காமல் பத்து நிமிடம் மிதக்கக் கற்றுக்கொடுக்கிறேன், வேகம் எல்லாம் அப்புறம். சில்காவிலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பனியன், துண்டு, மாற்று உடை போதும். கயிறு நான் கொண்டுவருகிறேன்.

செவ்வந்தி அம்மா, உங்கள் மகளும் வரலாம். என் மனைவி மேலே உட்கார்ந்திருப்பார், அவரும் நல்ல நீச்சல்காரிதான்.

#27 தர்மபுரி செவ்வந்தி

ஆறு மணிக்கு தர்மபுரியிலிருந்து பர்கூருக்கு முதல் பஸ் எத்தனைக்கு?